இரண்டாம் ஓலை

பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் தேடி அதே பூக்கடையை நாங்கள் மறுபடியும் கடந்தபோது, கடைக்காரப் பெண் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் காரைப் பார்த்துக் கையசைத்தாள்.

"பாத்தீங்களா மாமா, ஃப்ரெண்ட் ஆயிட்டாங்க," என்றான் லோகன். "இன்னும் ஒரு ரவுண்டு போனா டீ வாங்கிக் குடுப்பாங்க லா."

லோகன் என் மனைவியின் தம்பி. லோரி ஓட்டுகிறவன். காரையும் லோரியைப் போலவே, முன்னால் போகிறவர்களைத் திட்டிக்கொண்டும் அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டும் ஓட்டுவான். காப்பாரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டதிலிருந்து காருக்குள் பேசியது அவன் ஒருவன்தான். பின்னால் என் மனைவி குமுதா மடியில் ஒரு பிரம்புக் கூடையை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் மகள் விஷ்ணுப்ரியா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நான் பேசாமல் வந்தது யாருக்கும் புதிதல்ல. ஆனால் அன்று மூன்று பேரும் என் பேச்சுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

தீபாவளிக்கு மறுவாரம் அது தொடங்கியது. சாப்பிட்டுவிட்டு நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பிரியா வந்து எதிரில் நின்றாள். உட்காராமல் நின்றதிலேயே விஷயம் பெரியது என்று தெரிந்தது. கூட வேலை செய்கிற ரூபனைப் பற்றிச் சொன்னாள். அவனை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்திருக்கிறான். குமுதா வைத்த கணவாய்ச் சம்பலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

"அவங்க கிறிஸ்டியன்பா. பிரிக்பீல்ட்ஸ்ல தமிழ்ச் சர்ச்சுக்குப் போறவங்க. அவங்கம்மா பொண்ணு கேட்டு வரலாமான்னு கேக்கறாங்க. நீங்க சரின்னாதான் வரச் சொல்வேன்."

நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்து மூடி, "ம்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். நான் மெதுவாக யோசிக்கிறவன். ஆனால் அந்த "ம்" என் வீட்டுக்குள் தனியாக வளரத் தொடங்கிவிட்டது. குமுதா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு என் தட்டில் அதிகமாகக் கறி போட ஆரம்பித்தாள். லோகன் அதை ரத்தக் கொதிப்பு என்றான். பிரியா வேலை முடிந்து வந்ததும் நேராகத் தன் அறைக்குப் போய்விடுகிறவளாக மாறினாள். அவள் அதை "வேண்டாம்" என்று படித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், திருத்துவதற்கு என்னிடம் ஒரு முழு வாக்கியம் இல்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு ரூபன் மேல் குறை இல்லை. அவன் சாமி மேலும் குறை இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மதிய உணவு நேரத்தில் காருக்குள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தபோது, என்னைத் தடுப்பது எது என்று தேடித் தேடி ஒருநாள் கண்டுபிடித்தேன். அது ஒரு சின்னப் பயம். எங்கள் கோயில் கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்கு எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐயர் சொல்வார், பெண்கள் இழுத்து நிறுத்துவார்கள், எதைக் கையில் பிடிக்க வேண்டுமோ அதை யாராவது கையில் திணிப்பார்கள். சர்ச்சில்? அங்கே எப்போது எழுவது, எப்போது உட்கார்வது என்றுகூட எனக்குத் தெரியாது. என் மகளின் கல்யாணத்தில் நான் வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி விழித்துக்கொண்டிருப்பேன். அன்றோடு முடியாமல், அதற்குப் பிறகும் அவள் வாழ்க்கையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பேனோ என்று தோன்றியது. இதைக் காரணமாகச் சொல்லி மறுக்கவும் முடியாது. விழுங்கவும் முடியவில்லை.

போன வாரம் பிரியா மறுபடியும் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வாங்கப்பா. ஆராதனைக்கு வந்து பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நான் அவர்கிட்ட சொல்லிர்றேன். ஆனா ஏதாவது ஒன்னு சொல்லுங்கப்பா. இப்படி இருக்க முடியல."

போகலாம் என்று தலையாட்டினேன். அதனால்தான் இப்போது பூக்கடைப் பெண் எங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்புறம் இடம் கிடைத்தது. அங்கே நின்ற ஆள் "பாஸ், பன்னண்டு மணிக்குள்ள எடுத்துருங்க" என்றார். லோகன் அவரோடு பேச்சுக் கொடுத்து, அவர் காப்பார் பக்கம் பெண் எடுத்தவர் என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தான்.

சர்ச் பெரியது இல்லை. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வாசலில் மூன்று படிகள். உள்ளேயிருந்து யாரோ கீபோர்டில் சுரம் பார்த்துக்கொண்டிருந்தது கேட்டது.

"அம்மா, அந்தக் கூடையில என்னதான் இருக்கு?" என்றாள் பிரியா.

"வாழப்பழம். தேங்கா. கொஞ்சம் பூவு."

"அம்மா! இங்க அர்ச்சன எல்லாம் கெடையாதும்மா."

"அதுக்காக வெறுங்கையோடயா போறது? பழந்தானே, எந்தச் சாமி வேணாம்னு சொல்லும்?"

"ஃபாதர்கிட்ட ராசி, நட்சத்திரம் சொல்லணுமா?" என்று கேட்டான் லோகன். "என்னோடது எனக்கே மறந்துபோச்சு."

"ஃபாதர் இல்ல மாமா. பாஸ்டர். நீங்க ஒன்னுமே சொல்ல வேணாம். ப்ளீஸ்."

படியருகே வந்ததும் குமுதா செருப்பைக் கழற்றினாள். யோசிக்காமல் நானும் கழற்றினேன். லோகனும். திரும்பிப் பார்த்தால் மூன்று ஜோடிச் செருப்புகள் அந்தப் படியில் தனியாகக் கிடந்தன. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் பளபளக்கும் தோல் சப்பாத்துகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் கழுத்துப்பட்டி கட்டி நின்றவர் அருகே வந்தார்.

"ஆன்டி, செருப்போடயே வரலாம். பரவால்ல."

"இருக்கட்டும் தம்பி. சாமி இருக்கற எடந்தானே," என்றாள் குமுதா.

அவர் சிரித்தார். பிறகு குனிந்து, மழை வந்தால் நனையாத இடமாகப் பார்த்து, எங்கள் செருப்புகளை உள்பக்கம் ஒரு பெஞ்சுக்குக் கீழே எடுத்து வைத்தார். லோகனுடையதையும். பிரியா ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். தன் உயரமான சப்பாத்துகளைக் கழற்றி அந்த மூன்றுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்களோடு வெறுங்காலில் நடந்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது.

நடுவரிசை ஒன்றில் உட்கார்ந்தோம். முன்னால் கீபோர்டுக்குப் பின்னே வெள்ளைச் சட்டையில் ரூபன் இருந்தான். எங்களைக் கண்டதும் அவன் விரல் எங்கேயோ தப்பாக இறங்கியது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா ரெபேக்கா. தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிரியா சொல்லியிருந்தாள். வெண்பட்டுச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அசைவில் மரியாதை இருந்தது, சந்தேகமும் இருந்தது. அவரும் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறவர்தானே.

எனக்கு நேர் முன்னால் நீலப் பாத்திக் சட்டை போட்ட பருத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, அகலமான முதுகு. அவருடைய உட்காரும் தோரணையே பழகியவர் என்று சொன்னது. நான் ஒரு முடிவு செய்தேன். இவர் எழுந்தால் எழுவது, உட்கார்ந்தால் உட்கார்வது. வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. குனிந்து குமுதாவிடம், "என்னைப் பாத்து செய்" என்றேன். அவள் லோகனிடம், "மாமாவப் பாத்து செய்டா" என்றாள்.

ஏற்பாடு அழகாக நடந்தது. பாட்டு தொடங்கியபோது நீலச் சட்டை எழுந்தார், நாங்களும் எழுந்தோம். ஜெபத்துக்கு அவர் தலை குனிந்தார், நாங்களும் குனிந்தோம். லோகன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வார்த்தை தெரியாவிட்டாலும் ராகத்தைப் பிடித்து இரண்டாம் சரணத்திலேயே உரக்கப் பாட ஆரம்பித்தான். பக்கத்து வரிசைப் பாட்டிமார்கள் இருவர் திரும்பிப் பார்த்து, அவனுக்காக இன்னும் உரக்கப் பாடினார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. தபேலா இருந்தது, தாளம் இருந்தது. ஒரு மூலையில் கைக்குழந்தை ஒன்று அந்தத் தாளத்துக்குக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது.

பிறகு போதகர், "ஒவ்வொருவரும் அவரவர் உள்ளத்தில் அமைதியாக ஜெபிப்போம்" என்றார்.

எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றின. வெளியே மோனோரயில் போகும் ஓசை வந்து தேய்ந்தது. நான் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் ஒன்றுசேர்ந்து மௌனமாக இருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் கோயிலில் மேளமும் மணியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த மௌனம் எனக்குத் தெரிந்த வீடு. என் பேச்சின்மையை வீட்டில் எல்லாரும் ஒரு நோயைப் போலக் கவனித்துக்கொண்டிருக்க, இங்கே ஒருவர் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு வாங்குகிறார். முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். முடிந்தது.

"இன்றைக்கு முதன்முதலாக நம்மோடு ஆராதிக்க வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். உங்களை வரவேற்க விரும்புகிறோம்," என்றார் போதகர்.

நான் நீலச் சட்டையைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை.

"அப்பா," என்று பிரியா முழங்கையால் இடித்தாள். "நம்மளதான்."

நான் நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கைத் தலை அசையவே இல்லை. ஏற்பாட்டை நடுவில் மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. குமுதா என்னைப் பார்த்தாள், லோகன் குமுதாவைப் பார்த்தான், ஒருவரும் எழவில்லை. போதகர் சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் காத்திருந்தார். கையில் ஏதோ பரிசுப் பையோடு வந்த ஒரு பெண் பாதி வழியில் நின்று, திரும்பிப் போனாள். ரெபேக்கா எங்களைப் பார்த்தார். இந்த முறை தலையசைக்கவில்லை. தன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் பார்க்கத் தொடங்கினார்.

பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குப் புரிந்தது. அப்பா தன்னை இங்கே காட்டிக்கொள்ளக்கூட விரும்பவில்லை. இதுதான் பதில்.

"அடுத்து, திருமண ஓலை வாசிக்கப்படும்," என்றார் போதகர்.

"ஓலையா?" என்று லோகன் குனிந்தான். "ஜோசியமா பிரியா? கைரேக பாப்பாங்களா?"

"கல்யாண அறிவிப்பு மாமா," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை சபையில வாசிப்பாங்க. சும்மா இருங்க."

போதகர் ஒரு தாளைப் பிரித்தார். இதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் தமிழ் சட்டென்று நிமிர்ந்துகொண்டது. செராஸைச் சேர்ந்த இன்னாரின் குமாரன் ஸ்டீபனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த இன்னாரின் குமாரத்தி ஹன்னாவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. பாடகர் குழுவில் ஊதா நிறச் சேலையில் நின்ற ஒரு பெண் வெட்கத்தோடு பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கினாள். அவள்தான் ஹன்னா என்று தெரிந்தது.

"இவர்களுக்கு விவாகம் நடக்கக்கூடாது என்பதற்கு நியாயமான தடை ஏதேனும் உங்களில் எவருக்காவது தெரிந்திருந்தால், எழுந்து அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது இரண்டாம் ஓலை."

அவர் தாளை மடிக்காமல் நின்றார். மறுபடியும் அமைதி வந்தது.

ஆனால் இது முந்தைய அமைதி இல்லை. ஒரு கேள்விக்குப் பின்னால் வருகிற அமைதி. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததையே போதகர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துச் சேகரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். என் வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் என் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. ஒரே மௌனம்தான். கேட்கிறவர்கள்தான் வேறு. பிரியா என்னிடம், "தடை ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தால், நான் இப்படியே உட்கார்ந்திருப்பேன், எல்லாம் சரியாகியிருக்கும்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது நீலச் சட்டை எழுந்தார்.

நானும் எழுந்தேன்.

என் பக்கத்தில் குமுதா எழுந்தாள். கூடையோடு எழுந்தாள். லோகன் எழுந்து, போதாததற்குத் தொண்டையையும் செருமினான்.

நீலச் சட்டை இரண்டு பேருடைய முழங்கால்களைத் தாண்டி, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சபை முழுவதிலும் நின்றுகொண்டிருந்தது போதகரும் பாடகர் குழுவும் நாங்கள் மூன்று பேரும்தான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. பாட்டிமார்களில் ஒருவர் "ஐயோ ஆண்டவரே" என்றது தெளிவாகக் கேட்டது. ஊதாச் சேலைப் பெண்ணின் கையிலிருந்து புத்தகம் இறங்கி, வெளுத்துப்போன முகம் தெரிந்தது. அவளுக்கு எங்களை யார் என்றே தெரியாது. தன் கல்யாணத்தை நிறுத்த வெறுங்காலோடும் ஒரு கூடைத் தேங்காயோடும் ஒரு குடும்பம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

"அப்பா!" பிரியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னப்பா பண்றீங்க? உட்காருங்க!"

"ஐயா?" என்றார் போதகர். மிகவும் மென்மையாகத்தான் கேட்டார். "ஏதாவது தடை சொல்ல விரும்புறீங்களா?"

என் வாழ்க்கையில் முதன்முறையாக, பேசாமல் இருப்பதுதான் ஆபத்து என்று ஆனது. இப்போது நான் பேசாமல் உட்கார்ந்தால் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தின் மேல் என் மௌனம் கறையாகப் படிந்துவிடும். பேசித்தான் ஆக வேண்டும். வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது.

"தடை ஒன்னும் இல்லைங்க," என்றேன்.

சபை முழுவதும் மூச்சு விட்டது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். போதகரும் புன்னகையோடு தாளை மடிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் என் சட்டையின் ஓரம் இன்னும் பிரியாவின் கைக்குள் இருந்தது. குனிந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வெறுங்கால்களை. எங்களுக்காகச் சப்பாத்தைக் கழற்றிய கால்கள். அடுத்த வாக்கியம் அதுவாகவே வந்தது. இத்தனை நாள் தேடிய முழு வாக்கியம்.

"எங்க வீட்லயும் ஒரு தடையும் இல்லைங்க."

போதகர் தாளை மடிப்பதை நிறுத்தினார். "மன்னிக்கணும் ஐயா. எந்த வீட்ல?"

"எங்க வீட்ல. காப்பார்ல."

சிலர் சிரித்தார்கள். போதகருக்கு இன்னும் புரியவில்லை. "காப்பார்ல... யாருக்குங்க ஐயா?"

நான் கையை நீட்டி முதலில் என் மகளைக் காட்டினேன். பிறகு கீபோர்டைக் காட்டினேன்.

அந்த நேரத்தில் ரூபனின் இரண்டு முழங்கைகளும் கீபோர்டின் மேல் விழுந்தன. சபை முழுவதும் ஒரு பெரிய, அர்த்தமில்லாத சத்தம் எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் புரிந்தது. கைதட்டல் எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. பாட்டிமார்கள் பக்கமிருந்து என்று லோகன் இன்றும் சொல்கிறான். பாடகர் குழுவில் ஹன்னா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். போதகர் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாக, "இரண்டாம் ஓலையிலயே இன்னொரு ஓலை முளைச்சிருச்சு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். குமுதா உட்கார்ந்தாள். லோகன் மட்டும் இன்னும் நின்று, நாலாபக்கமும் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிரியா என் சட்டையை விடவில்லை. பிடித்திருந்த அதன் ஓரத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிரசங்கம் எதைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. நீலச் சட்டை எப்போது திரும்பி வந்து உட்கார்ந்தார் என்பதும் தெரியாது. பயத்தில் சொன்னேனா, நினைத்துச் சொன்னேனா என்று எனக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது என்னுடைய வாக்கியமாகத்தான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பின்னால் இருந்த மண்டபத்தில் மீஹூன் சேமியாவும் கறிபாப்புப் பலகாரமும் சிவப்புச் சிராப்புத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். என் கையில் ஒரு தட்டைத் திணித்தவர் ரெபேக்கா.

"ஒங்களப் பாத்து நான் ரொம்பக் கோவமா இருந்தேன் தெரியுமா?" என்றார். "எழுந்து நிக்கச் சொன்னப்ப நிக்கல. நிக்கக் கூடாதப்ப நின்னீங்க. சம்பந்தி இப்படித்தான் எப்பவுமேவா?"

"எப்பவும் உக்காந்துதான் இருப்பாரு சம்பந்தி," என்றாள் குமுதா. அந்தச் சொல்லை இரண்டு பேருமே முதன்முறையாகச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ரெபேக்கா கூடையை வாங்கி மேசையில் வைத்தார். வாழைப்பழங்கள் பிள்ளைகளிடம் போய் மறைந்தன. தேங்காயை என்ன செய்வது என்று ஒரு சிறிய ஆலோசனை நடந்து, அது ரெபேக்கா வீட்டுச் சமையலுக்கு என்று முடிவானது. பூவை அவர் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

நீலச் சட்டைக்காரர் தட்டோடு வந்தார். ரூபனின் பெரியப்பாவாம்.

"எல்லாரும் என்னைத் திட்டறாங்க," என்றார். "நான் என்ன பண்ணுவேன் லா? எனக்கு சுகர் இருக்கு. அந்த நேரத்துல அடக்க முடியல. திரும்பி வந்தா சபையே கைதட்டிக்கிட்டு இருக்கு. எனக்குத்தான் தட்டறாங்களோன்னு பயந்துட்டேன்."

"ஒங்களுக்கும்தான் தட்டினோம் அங்கிள்," என்றான் லோகன். "நீங்க மட்டும் அடக்கியிருந்தா இந்தக் கல்யாணமே இல்ல. தாலி எடுத்துக் குடுக்க நீங்கதான் வரணும்."

ஹன்னா வந்து, "அங்கிள், எனக்கு உசிரே போயிருச்சு. என் கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள். போதகரும் வந்து என் கையைப் பிடித்தார்.

"அடுத்த ஞாயிறு மூணாவது ஓலை. அவசியம் வாங்க ஐயா. எங்க வேணா உக்காருங்க. ஆனா தயவுசெஞ்சு உக்காந்தே இருங்க."

ரூபன் ஒரு ஓரமாக நின்று, அருகே வருவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான். வா என்று தலையசைத்தேன். வந்தான்.

"அங்கிள்..." என்று தொடங்கி, மேலே ஒன்றும் வராமல் நின்றான். நானும் நின்றேன். இரண்டு பேரும் மீஹூன் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தோம். எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது.

கல்யாணத்தில் எப்போது எழ வேண்டும் என்று இவனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது.

வாழையிலைக் கடை ஆள் எங்கள் காருக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். லோகன் அவருக்கு ரெபேக்கா எங்களுக்குத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த மீஹூனில் பாதியைக் கொடுத்துச் சமாதானம் செய்தான். நடந்த கதையையும் சொன்னான். காரை வெளியே எடுத்து, பூக்கடையைத் தாண்டியபோது அந்தப் பெண்ணுக்குக் கையசைத்தான்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. லோகன் வேகத்தைக் குறைத்தான். நான் கண்ணாடியில் நீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷா ஆலம் வந்தது, போனது. கிள்ளான் பாலம் நெருங்கியபோதும் நான் வாயைத் திறந்திருக்கவில்லை.

குமுதாவால் தாங்க முடியவில்லை. பின்னாலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"என்னங்க, மறுபடியும் இப்படி உக்காந்துட்டீங்க? அவங்க தைப்பூசத்துக்கு அப்புறம் பொண்ணு கேட்டு வர்றேன்னாங்க, காதுல விழுந்துச்சா? வரச் சொல்லவா? ஒன்னுமே சொல்ல மாட்டேங்கறீங்களே!"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"விடும்மா," என்றாள் பிரியா. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "அப்பா சரின்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காரு."